மூன்று எண்ணும்வரை

அந்தப் பெண்கள் பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்கு வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பிள்ளைகள் வைத்த பெயர் 'மூணு மிஸ்'. ஒத்திகையில் ஒருத்தி வசனம் மறந்து திருதிருவென விழித்தால், டீச்சர் மேடையின் பக்கவாட்டில் நின்றபடி வலது கையை இடுப்போரம் வைத்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக நீட்டுவார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது விரல் நீளும்வரை அவகாசம். அதற்குள் வசனம் வந்துவிட்டால் பிழைத்தாள். வராவிட்டால் டீச்சரே அடியெடுத்துக் கொடுப்பார். அந்தக் குரல் மேடையில் நிற்பவளுக்குக் கேட்கும், முன்வரிசைக்குக் கேட்காது. இருபத்து மூன்று வருடமாகப் பழக்கிய குரல்.

மேடையோடு அந்தப் பழக்கம் நின்றிருந்தால் பரவாயில்லை. இவர் போகிற இடமெல்லாம் அடியெடுத்துக் கொடுப்பார். ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர், "நேத்து எங்க வீட்டுல என்னாச்சுன்னா..." என்று மூச்சு வாங்கினால் போதும்.

"தண்ணி மோட்டார் புகைஞ்சிடுச்சா?"

"இல்ல மிஸ், எங்க வீட்டுக்காரர்..."

"மாடிப்படியில வழுக்கிட்டாரா?"

"ஐயோ, அவருக்குப் பதவி உயர்வு வந்திருக்கு மிஸ்!"

எல்லோரும் சிரிப்பார்கள், இவரும் சிரிப்பார். ஆனால் கணக்கு டீச்சர் நாளடைவில் தன் நல்ல சேதிகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போய்விட்டார். ஒவ்வொருவராக அப்படித்தான் போனார்கள். யாருக்கும் கோபமில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க மனிதர்களுக்கு ஒரு சின்ன ஆசை இருக்கும் இல்லையா, அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு வேளையில் நாடக டீச்சரின் மேசையில் அவருடைய டப்பா ஒன்றுதான் இருக்கும்.

இருபத்தெட்டு வயதில் ஒருவர் கல்யாணப் பேச்சோடு வந்தார். நல்ல மனிதர், நில அளவைத் துறையில் வேலை. கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுவார். டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. ஒரு மணி நேரத்தில் அவருடைய பதினேழு வாக்கியங்களை முடித்துக்கொடுத்தார். பதினாறு சரி என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வார். அந்த மனிதர் போனவர் போனவர்தான்.

நாடக வகுப்பு நடப்பது விளையாட்டரங்கை ஒட்டிய பழைய சாமான் அறையில். உடற்பயிற்சி மெத்தைகளின் வியர்வை நாற்றம் சுவரில் ஊறிப்போயிருக்கும். ஒரு பெட்டி நிறையக் கண்ணாடி இல்லாத மூக்குக் கண்ணாடிகள், காது அறுந்த தொப்பிகள், சாயம் பூசிக் காடாகவும் மாளிகையாகவும் ஆக்கிய பழைய படுக்கை விரிப்புகள். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் மேடையின் அளவு வரைந்திருப்பார். அந்தக் கோட்டைச் செருப்போடு மிதித்தால் தொலைந்தார்கள்.

அவருடைய பாடம் மூன்றே விதிகளில் அடங்கும். முதல் விதி, கடைசி பெஞ்சுக்குக் கேட்கணும். இரண்டாவது, கூட நடிக்கிறவ மாட்டிக்கிட்டா நீ சும்மா நிக்காதே, அவளைக் கேள்வி கேள். கேள்வி கேட்டால் மனிதர்களுக்கு எப்படியாவது பதில் வந்துவிடும். மூன்றாவது விதிதான் பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஒருத்தி ஒரே வசனத்தை மூன்று தடவை மறந்தால், தப்பு அவள் மண்டையில் இல்லை, வசனத்தில் இருக்கிறது. அதை அடித்துவிட்டு வேறு எழுதவேண்டும்.

விதியில் சேராத வழக்கம் ஒன்றும் இருந்தது. ஒத்திகைக்கு யாராவது வராவிட்டால் அவளுடைய பங்கை டீச்சரே படிப்பார். ராஜாவாகவும் திருடனாகவும் தபால்காரராகவும் படித்திருக்கிறார். ஒரு தடவை அம்மை போட்டுப் படுத்த பிள்ளைக்காக இரண்டு வாரம் குதிரையாக இருந்தார். வராதவள் திரும்பி வந்து, "மிஸ், நீங்க படிச்சதே நல்லா இருந்துச்சு" என்று முகம் சுருங்கி நிற்பாள். டீச்சருக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

வீட்டிலும் அவர் ஒருத்தியின் பங்கைப் படித்துவந்தார்.

தையல் மிஷின் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, இரண்டு நாற்காலி. பள்ளி விட்டு வந்து, டீ போட்டு, ஒரு நாற்காலியில் அவர் உட்காருவார். எதிர் நாற்காலி தங்கையுடையது. தங்கை அந்த வீட்டுப் படியேறி ஆறு வருடம் ஆகிறது.

"ஆபரேஷன் வேண்டாம்னு சொல்ல வந்தேன்க்கா" என்பார், தங்கையின் மெல்லிய குரலில்.

"வேண்டாம்னு விட்டிருந்தா அம்மா நாலு நாள் தாங்கியிருப்பாங்களா? டாக்டரே சொன்னாரே" என்பார், தன் குரலில்.

"எனக்குப் பயமா இருந்துச்சுக்கா."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? யாராவது ஒருத்தர் முடிவெடுக்கணும் இல்லையா?"

எதிர் நாற்காலி சற்று யோசித்துவிட்டு, "நீ செஞ்சது சரிதான்க்கா" என்று ஒத்துக்கொள்ளும். ஆறு வருடத்தில் டீச்சர் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. ஜெயித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பார். ஒரே டம்ளர்தான். கீழே கடையில் பழுது பார்த்த மிஷினை ஓட்டிப் பார்க்கும் சத்தம் ஆறு மணி வரை கேட்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். அப்போது வரும் தனிமைக்கு என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை.

தங்கை ஏழு வயது இளையவள். நாலு வயது வரை பேச்சு வரவில்லை. "அவளுக்குப் பசிக்குது", "அவளுக்கு அந்தச் சிவப்புப் பந்து வேணும்", "அவ வரமாட்டாளாம்" என்று அக்காதான் ஊருக்குச் சொல்லுவாள். பெரும்பாலும் சரியாகவே சொன்னாள். பேச்சு வந்த பிறகும் தங்கை நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவள். ஒரு வாக்கியத்துக்கு நடுவே போய், தேவையான சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பி வருவாள். வளர்ந்து நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். "பேசவே கூடாத இடமாப் பார்த்துப் போய்ச் சேர்ந்திருக்கா பாரு" என்று அக்கா கேலி செய்தாள். தங்கை பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அக்கா அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்று சொன்னார். இன்றைக்கே ஆபரேஷன் செய்யலாம், வயது எழுபத்தாறு, பிழைக்க வழியுண்டு, பிழைக்காமலும் போகலாம். "ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லுங்க."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டாக்டர், எனக்கு என்னவோ... முதல்ல..." என்று ஆரம்பித்து, சொல்லைத் தேடிப் போனாள்.

டீச்சரின் வலது கை இடுப்போரம் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று.

"முதல்ல ஆபரேஷன் முடியட்டும்னு நினைக்கிறா டாக்டர். எங்க ரெண்டு பேருக்கும் சம்மதம்."

டாக்டர் காகிதத்தை நீட்டினார், டீச்சர் கையெழுத்துப் போட்டார். அம்மா கண் திறக்காமலேயே மூன்றாம் நாள் போய்விட்டாள். எல்லாம் முடிந்து அம்மாவின் வீட்டைக் காலி செய்கிற அன்று, தங்கை பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். "நான் என்ன சொல்ல வந்தேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வேற என்ன சொல்லியிருக்கப் போற?" என்றார் டீச்சர்.

தங்கை பெட்டியை மூடிக் கட்டினாள். அன்றோடு சரி. பேச்சுவார்த்தை இல்லை, போக்குவரத்து இல்லை. இவர் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. கடிதங்களில்தான் என்ன எழுதினார்? தான் செய்தது ஏன் சரி என்று எழுதினார். பக்கம் பக்கமாக.

இந்த வருடம் பெரியப்பா மகன் தொலைபேசியில் ஒரு சேதி சொன்னான். தங்கையின் கணவனுக்கு இடமாற்றம். ரயிலில் இரண்டு நாள் தூரம். மாதக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள்.

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்தபோதே வராதவள், இரண்டு நாள் தூரத்திலிருந்தா வரப்போகிறாள்? இந்த மாதத்துக்குள் நடந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்த நாற்காலி காலம் முழுக்கக் காலிதான். நேரே போய்க் கதவைத் தட்டலாம். அதற்குத் துணிச்சல் வரவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். ஒரு நாடகம் எழுதினார்.

வருடா வருடம் பழைய பிரதிகளையே தூசி தட்டி ஓட்டுகிறவர் சொந்தமாக எழுதியது அதுதான் முதல் தடவை. ஒரு ரயில் நிலையத்துக் காத்திருப்பு அறை. ஆறு வருடம் பேசாத அக்காவும் தங்கையும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். ரயில் தாமதம். சண்டை, அழுகை, பழைய கதை எல்லாம் வருகிறது. கடைசியில் தங்கை, "நீ செஞ்சது சரிதான்க்கா. எனக்கு இப்பதான் புரியுது" என்கிறாள். திரை.

அக்கா வேடம் ஒன்பதாம் வகுப்பு நெட்டைக்கு. கதவு நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து வருகிற பிள்ளை. தங்கை வேடம் கீச்சுவுக்கு. கீச்சுவின் குரல் சைக்கிள் பிரேக் மாதிரி இருக்கும், ஆனால் நின்று நிதானித்துப் பேசினால் கேட்கிறவர்கள் அசையாமல் உட்கார்ந்துவிடுவார்கள். நாடகப் பிரதி ஒன்றையும் அழைப்பிதழையும் உறையில் போட்டுத் தங்கைக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி, மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி உனக்கு என்று எழுதியிருந்தார்.

ஒத்திகை நன்றாகத்தான் போனது, கடைசி வசனம் வரைக்கும். அந்த இடத்துக்கு வந்தாலே கீச்சு நின்றுவிடுவாள். முதல் நாள் மறந்தாள். டீச்சர் எண்ணினார், எடுத்துக்கொடுத்தார். மறுநாளும் மறந்தாள். மூன்றாவது நாள் மறந்தபோது அறையில் இருந்த மொத்தப் பிள்ளைகளும் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். விதி விதிதானே.

"மறுபடி சொல்லு" என்றார் டீச்சர்.

"மிஸ்," என்று நெட்டை கையைத் தூக்கினாள். "மூணு தடவை மறந்தா வசனம் தப்புன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?"

"இது தப்பில்ல. இதை எழுதினது நான்."

"தப்பு பண்ணினவங்க எல்லாரும் அப்படித்தானே மிஸ் சொல்லுவாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது. டீச்சர் திரும்பிய வேகத்தில் அடங்கியது.

கீச்சு தரையில் வரைந்திருந்த சுண்ணாம்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்கு மறக்கல மிஸ். வசனம் தெரியுது. வாய் வரமாட்டேங்குது. இந்தத் தங்கச்சி இப்படிச் சொல்லமாட்டா மிஸ்."

"பின்ன என்ன சொல்லுவா?"

"எனக்கு எப்படி மிஸ் தெரியும்? அவளைத்தான் கேக்கணும்."

டீச்சருக்குச் சுரீரென்றது. வாய்க்கு வந்தபடி திட்டினார். மண்டையில் ஒன்றும் ஏறாது, ஒரு வரி மனப்பாடம் ஆகவில்லை, இதில் வாய்க்கு வாய் பதில் வேறு என்று பொரிந்து தள்ளினார். கீச்சு அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "சரி மிஸ், சொல்றேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒத்திகைகளில் ஒப்புக்குச் சொன்னாள், சந்தைக்கு எழுதிய பட்டியலைப் படிக்கிற மாதிரி. அன்று மாலை எதிர் நாற்காலியும் டீச்சரிடம் சரியாகப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பியது. பெற்றோர்கள், சித்திகள், மடியில் குழந்தைகள். திரைக் கயிறு ஆய்வக உதவியாளர் கையில். சோதனைக்குழாய்களைக் கழுவுகிற அந்த மனிதர் வருடத்தில் ஒரு நாள் கலைஞர் ஆகிவிடுவார், அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவார். "கடைசி வசனம் எதுன்னு மட்டும் சொல்லுங்க மிஸ், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்றார். டீச்சர் சொன்னார்.

திரையில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. ஐந்து மணிக்கு டீச்சர் அதில் கண்ணை வைத்தார். மூன்றாவது வரிசை ஓரம் காலி. ஐந்து பத்துக்குப் பார்த்தார், காலி. நாற்காலியில் அவரே ஒட்டிய காகிதச் சீட்டு மின்விசிறிக் காற்றில் படபடத்தது. பஸ் தாமதமாகியிருக்கும், வாசலில் நின்று வழி கேட்டுக்கொண்டிருப்பாள் என்று தனக்குத்தானே எடுத்துக்கொடுத்தார். ஐந்தே காலுக்குத் தலைமை ஆசிரியை உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னும் யாருக்காகக் காத்திருக்கோம்?" என்றார். நாடகம் தொடங்கியது.

பிள்ளைகள் உயிரைக் கொடுத்து நடித்தார்கள். நெட்டை பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த விதத்தைப் பார்த்து டீச்சருக்கே அடையாளம் தெரிந்தது, தான் நடக்கிற நடை அது, தான் மூக்கை உறிஞ்சுகிற விதம் அது. எவ்வளவு நாளாகக் கவனித்திருக்கிறாள் கள்ளி! சண்டைக் காட்சியில் நெட்டை ஒவ்வொரு தடவையும் கீச்சுவின் பேச்சை வெட்டிக்கொண்டு உள்ளே புகுந்தாள். எழுதியது அப்படித்தான். எழுதும்போது அது சாமர்த்தியமாகப் பட்டது. இருட்டில் நின்று பார்க்கும்போது, அந்தச் சின்னவளை யாராவது பேச விடுங்களேன் என்று இருந்தது.

கடைசி இடம் வந்தது. கீச்சு வாயைத் திறந்தாள். மூடினாள். நின்றுவிட்டாள்.

டீச்சரின் கை தானாக இடுப்புக்கு வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. வசனம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. 'நீ செஞ்சது சரிதான்க்கா.' ஆறு வருடமாகத் தினமும் சொன்ன வசனம், தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வரும். வாயைத் திறந்தவர் ஏனோ பக்கத்திரை இடுக்கு வழியே மூன்றாவது வரிசையைப் பார்த்தார். காகிதச் சீட்டு இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது. இதை யாருக்காகச் சொல்லப் போகிறேன் என்று தோன்றியது. அவள் இல்லாத இடத்தில் அவளாகப் பேசி, எனக்கு நானே நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டு இருக்கிறேன். முன்னூறு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு. வெட்கம் காது வரை சுட்டது. டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

இருபத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாக மூன்று கடந்து போனது. நான்கு, ஐந்து, ஆறு. அரங்கில் ஒரு குழந்தை இருமியது. நெட்டை பக்கவாட்டைப் பார்த்தாள். டீச்சர் சிலையாக நிற்பதைப் பார்த்ததும் ஒரு கணம் மிரண்டாள். பிறகு கற்றுக்கொண்ட பாடம் கைகொடுத்தது. கூட நடிக்கிறவ மாட்டிக்கிட்டா கேள்வி கேள்.

"என்னமோ சொல்ல வந்தியே," என்றாள் நெட்டை. "என்ன?"

கீச்சு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாள் நீ கேக்கவே இல்லையேக்கா."

ஆய்வக உதவியாளர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தவித்தார். "மிஸ், நீங்க சொன்ன வசனம் இன்னும் வரலியே. இழுக்கவா, வேணாமா?" இழு என்பதுபோல் டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். திரை விழுந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

தலைமை ஆசிரியை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கடைசி வரி இருக்கே, எப்படி எழுதினீங்க?"

"நான் எழுதல" என்றார் டீச்சர். அடக்கமாகப் பேசுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கீச்சு ஓரமாக நின்று திட்டு வாங்கத் தயாராக இருந்தாள். டீச்சர் அவள் பக்கத்தில் போய், "மூணு தடவை மறந்தப்பவே மாத்தியிருக்கணும். தப்பு என்னோடது" என்றார். கீச்சு ஏதோ சொல்ல வந்தாள். டீச்சர் குறுக்கே பேசாமல் நின்றார். "வயிறு வலிக்குது மிஸ், பயத்துல மதியம் சாப்பிடல" என்றாள் கீச்சு. இதை டீச்சர் எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டார். தன் பையில் இருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சர் பஸ் ஏறினார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்க்க மனம் துடித்தது. ஜன்னலுக்கு வெளியே கடைப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்து, மனதை வேறு பக்கம் திருப்பினார். இருபத்தேழு பஞ்சர் கடைகள் வந்தன.

தங்கைதான் கதவைத் திறந்தாள். தலையில் நரை கூடியிருந்தது. கையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற டேப். அக்காவைப் பார்த்துவிட்டுக் கதவைவிட்டு விலகி நின்றாள். உள்ளே பாதி வீடு பெட்டிகளுக்குள் போயிருந்தது. திரைச்சீலை இல்லாத ஜன்னல்கள், ஆணி மட்டும் மிச்சமிருந்த சுவர்கள். தங்கையின் கணவனும் மகளும் லாரி பேசப் போயிருந்தார்கள்.

"நாடகம் அனுப்பியிருந்தியே, படிச்சேன்," என்றாள் தங்கை. "கடைசிப் பக்கம் வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

டீச்சருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டார்.

"அந்த நாற்காலியில வந்து உக்காந்துகிட்டு, நான் சொல்லாததை நான் சொல்றதை நானே பார்த்துக் கைதட்டணுமாக்கும்?" தங்கை டேப்பைச் சரக்கென்று இழுத்து ஒரு பெட்டியை மூடினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுப் போயிடறேன்" என்றார் டீச்சர். குரல் கடைசி பெஞ்சுக்கு என்ன, எதிரில் நிற்பவளுக்கே கேட்குமா என்று சந்தேகமாக இருந்தது. "அன்னிக்கு ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்போ, 'முதல்ல'ன்னு ஆரம்பிச்ச. முதல்ல... என்ன?"

தங்கையின் கை டேப்பின் மேல் நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். சொல்லைத் தேடிப் போய்விட்டாள் என்று டீச்சருக்குத் தெரிந்தது. வலது கை இடுப்போரம் போய் ஆள்காட்டி விரல் நீண்டது. டீச்சர் அதை மடக்கி, இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆபரேஷன் வேண்டாம்னு சொல்ல வந்தியா? பயமா இருந்துச்சா? இன்னொரு டாக்டரைக் கேக்கலாம்னா? எல்லாம் வரிசை கட்டி வந்து உதட்டை முட்டின. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"முதல்ல அம்மாவையே கேட்டுடலாம்னு சொல்ல வந்தேன்" என்றாள் தங்கை.

டீச்சர் பிடித்திருந்த விரலை விட்டுவிட்டார்.

"அவங்களுக்கு நினைவு இருந்துச்சுக்கா. நல்லா முழிச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தாங்க. நாம கதவுக்கு வெளியில நின்னு பேசிக்கிட்டு இருந்தோம். பத்தடி கூட இருக்காது."

ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பதில்கள் அத்தனையும் டீச்சரிடம் இருந்தன. ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. எதிர் நாற்காலி ஒரு நாளும் இதைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்லும்? அதற்குப் பேசக் கொடுத்தது அவர்தானே. அன்றைக்குத் தங்கையின் பங்கை மட்டும் அல்ல, அம்மாவின் பங்கையும் சேர்த்துத்தான் அந்த நடைபாதையில் அவர் படித்திருக்கிறார். அம்மா கதவுக்கு அந்தப் பக்கம், தன் முறை வரும் என்று கிடந்திருக்கிறாள். பக்கத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"எனக்கு அது தோணவே இல்ல" என்றார்.

"தெரியும். தோணியிருந்தா நீயே என் வாயால சொல்லியிருப்ப."

அதில் கோபம் இருந்தது. கோபத்தோடு, சின்ன வயதில் சிவப்புப் பந்து கைக்கு வந்ததும் அக்காவைப் பார்த்துச் சிரித்தவளின் சாயலும் எங்கோ ஒரு ஓரத்தில் இருந்தது. அல்லது அப்படி டீச்சர் நினைத்துக்கொண்டார். மன்னித்துவிடு என்று சொல்ல ஆசை. அதைச் சொன்னால் 'பரவாயில்லக்கா' என்று அடுத்த வசனத்துக்கு இவளை இழுத்துவிட்டதாக ஆகிவிடுமோ என்று அதையும் விழுங்கிக்கொண்டார். கண்ணில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை.

"உனக்கு எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டாள் தங்கை.

"அஞ்சரைக்கு."

தங்கை சுவரைப் பார்த்தாள். கடிகாரம் ஏற்கெனவே ஏதோ ஒரு பெட்டிக்குள் போயிருந்தது. உள்ளே எங்கிருந்தோ அது ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. உட்காரு."

நாற்காலி ஒன்றும் மிச்சமில்லை. புத்தகம் என்று எழுதியிருந்த பெட்டியில் டீச்சர் உட்கார்ந்தார். தங்கை எதிரில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா அன்னிக்குக் காலையில..." என்று ஆரம்பித்தாள். "நீ டீ வாங்கப் போயிருந்த. என்னைப் பக்கத்துல கூப்பிட்டு..."

பேச்சு நின்றது.

டீச்சர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். மூன்று கடந்தது. பத்து கடந்தது. பெட்டிக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லைத் தேடிப் போன தங்கை இன்னும் திரும்பி வரவில்லை. டீச்சர் காத்திருந்தார்.